பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து

(திருப்போரூர்ப் பட்டிமன்றம். தலைப்பு: ‘பட்டத்தால் மனிதருக்குப் பெருமையா? மனிதரால் பட்டத்துக்குப் பெருமையா?’ ‘மனிதரால் பட்டத்துக்கே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)



முருகப்பெருமான் மூன்று இடத்தில் போர் செய்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். திருச்செந்தூரில் கடலில். திருப்பரங்குன்றத்தில் நிலத்தில். திருப்போரூரில் ஆகாயத்தில். ஆகாயத்தில் போர் நடந்த ஊரில் நிற்க வைத்து, பட்டத்தைப் பற்றிப் பேசு என்கிறார் நடுவர். பொருத்தமான இடம்தான். பட்டமும் ஆகாயத்துல பறக்குற சாமான்தானே! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, பட்டம் தானாகப் பறக்காது. அதுக்கு நூல் ஒண்ணு இருக்கு. அந்த நூல் யார் கையில இருக்குன்னு பார்க்கணும். என் பேச்சு மொத்தமும் அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் எதிரணிச் சகோதரி அழகாகப் பேசினார்கள். “பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து இருந்தால்தான் நாலு பேர் மதிப்பார்கள்” என்றார்கள். சாட்சிக்கு சர் டி. முத்துசாமி ஐயரைக் கூட்டி வந்தார்கள். சரி, அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்த எழுத்துக்களுக்கு ஒரு பெரிய ஏணி இருந்தது. 1861-ல் விக்டோரியா மகாராணி ‘இந்திய நட்சத்திரம்’ என்று ஒரு விருது வரிசையை ஏற்படுத்தினார். 1878-ல் ‘இந்தியப் பேரரசு’ என்று இன்னொரு வரிசை வந்தது. ஒவ்வொன்றிலும் மூன்று படி. கீழ்ப்படிக்கு சி.எஸ்.ஐ., சி.ஐ.இ. நடுப்படிக்கு கே.சி.எஸ்.ஐ., கே.சி.ஐ.இ. மேல்படிக்கு ஜி.சி.எஸ்.ஐ., ஜி.சி.ஐ.இ. கீழ்ப்படியில் நின்றால் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து மட்டும்தான். நடுப்படிக்கு ஏறினால் பின்னால் எழுத்தும் உண்டு, முன்னால் ‘சர்’ரும் உண்டு. வீட்டுக்காரர் ‘சர்’ ஆனால் அந்த அம்மா ‘லேடி’ ஆகிவிடுவார். அதுவரைக்கும் அந்த அம்மா யாராம்? (பலத்த சிரிப்பு)

இதற்கும் கீழே இன்னொரு ஏணி. ராவ் சாகிப், அதற்கு மேல் ராவ் பகதூர், அதற்கு மேல் திவான் பகதூர். முஸ்லிம் பெருமக்களுக்கு கான் சாகிப், கான் பகதூர். வருஷப் பிறப்பு அன்றைக்கும், ராஜா பிறந்தநாள் அன்றைக்கும் பட்டியல் வரும். நம்ம வீட்டுப் பிள்ளைகள் பத்தாங்கிளாஸ் ரிசல்ட் பார்க்கிற மாதிரி, தாலுகா ஆபீஸ் முதல் ஜமீன் அரண்மனை வரை அந்தப் பட்டியலுக்காகக் காத்துக் கிடந்த காலம் அது.

முத்துசாமி ஐயரின் கதைக்கு வருகிறேன். ஏழைப் பிள்ளை. சிறு வயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். தெரு விளக்கில் படித்தவர் என்று இன்றைக்கும் சொல்கிறோம். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. அவருக்கு கே.சி.ஐ.இ. வந்தது 1893-ல். சகோதரி, ஒரே ஒரு கேள்வி. தெரு விளக்குக்குக் கீழே உட்கார்ந்து படித்தபோது அவர் பெயருக்குப் பின்னால் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. கொசு இருந்திருக்கும்! (சிரிப்பு) இன்றைக்கு எந்தத் தாயாவது பிள்ளையைப் பார்த்து, “முத்துசாமி ஐயர் கே.சி.ஐ.இ. வாங்கினார், நீயும் வாங்கு” என்று சொல்கிறாளா? “தெரு விளக்கில் படிச்சார்டா” என்றுதானே சொல்கிறாள்! எழுத்து உதிர்ந்துவிட்டது. விளக்கு இன்னும் எரிகிறது. (கைதட்டல்)

அந்த சி.ஐ.இ.யில் கடைசியாக நிற்கிற ‘இ’ இருக்கிறதே, அது யார்? ‘எம்பயர்’. சாம்ராஜ்யம். உழைத்தவர் நம்ம ஆள். பெயர் நம்ம ஆளுடையது. வாலில் மட்டும் சாம்ராஜ்யம் தொங்குகிறது. கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவர் தன் பெயரை ஒரு தடவை எழுதுகிறார், சாம்ராஜ்யத்தின் பெயரையும் ஒரு தடவை எழுதுகிறார். கௌரவம் யார் யாருக்குச் செய்தது?

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததும் இல்லை. நம்ம ராஜாக்களும் இதைத்தான் செய்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். கோயில் திருச்சுற்று மாளிகையைக் கட்டிய படைத்தலைவர் கிருஷ்ணன் ராமன்; அவருக்கு மும்முடிச்சோழப் பிரமராயன் என்று பட்டம். ராஜராஜன் என்பதும் மும்முடிச்சோழன் என்பதும் ராஜாவின் பெயர்கள். தன் பெயரை எடுத்து, வேலை செய்தவன் பெயரோடு ஒட்டிவிட்டார் ராஜா. கேட்டால் பரிசு என்பார். ஆனால் ஆயிரம் வருஷம் நின்றது எது? குஞ்சரமல்லன் செதுக்கிய கல். அந்தக் கல் நிற்பதனால்தான் அந்தப் பட்டத்தையே நாம் இன்றைக்குப் படிக்கிறோம்.

பட்டம் தகுதிக்குத்தான் தருவார்கள் என்றார் எதிரணித் தலைவர். அய்யா, லண்டனுக்கு ஒரு நடை போய் வருவோம். லாயிட் ஜார்ஜ் பிரதம மந்திரியாக இருந்த காலத்தில் பட்டத்துக்கு விலைப்பட்டியலே இருந்தது. ‘சர்’ வேண்டுமா, பத்தாயிரம் பவுண்டு. தலைமுறை தலைமுறையாக வரும் ‘பாரனெட்’ வேண்டுமா, அதைவிடப் பல மடங்கு. நம்ம ஊர் சந்தையில் கத்திரிக்காய் கூறு போட்டு வைக்கிற மாதிரி! (சிரிப்பு) நாற்றம் தாங்காமல் 1925-ல் அதைத் தடுக்கச் சட்டமே போட்டார்கள். மாண்டி கிரிகரி என்ற தரகர் 1933-ல் அந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டார். காசு கொடுத்தவன் பெயருக்குப் பின்னாலும் எழுத்து, கஷ்டப்பட்டவன் பெயருக்குப் பின்னாலும் எழுத்து. இரண்டும் ஒரே அச்சு. எழுத்தை வைத்து ஆளைத் தெரிந்துகொள்ள முடியாது நடுவர் அவர்களே. ஆளை வைத்துத்தான் எழுத்தை மதிக்க முடியும்.

நூல் யார் கையில் என்று கேட்டேன் அல்லவா? அந்த நூலை அறுத்த ஒருவரைச் சொல்கிறேன். மதுரையில் பிறந்தவர், எஸ். சுப்பிரமணிய ஐயர். ‘மணி ஐயர்’ என்றால் அந்தக் காலத்தில் சென்னையே எழுந்து நிற்கும். உயர்நீதிமன்ற நீதிபதி. முன்னால் ‘சர்’, பின்னால் கே.சி.ஐ.இ., கூடவே திவான் பகதூர். ஏணியில் ஏற வேண்டிய அளவுக்கு ஏறியாகிவிட்டது. ஓய்வு பெற்ற மனிதர். பேரன் பேத்தியோடு சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டிய வயசு.

1917 ஜூனில் அன்னி பெசன்ட் அம்மையாரை அரசாங்கம் காவலில் வைத்தது. சுயராஜ்யம் கேட்டதுதான் குற்றம். மணி ஐயருக்கு அப்போது வயது எழுபத்தைந்து இருக்கும். என்ன செய்தார்? அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு நேராகக் கடிதம் எழுதிவிட்டார். இந்தியர்களின் நிலைமை இது, உலகத்துக்கு நியாயம் பேசுகிற நீங்கள் இதைக் கவனியுங்கள் என்று. யுத்தம் நடக்கிற நேரம். 1918-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் அந்தக் கடிதத்தைக் கண்டித்துப் பேசினார்கள். ‘சர்’ வாங்கியவர் இப்படிச் செய்யலாமா என்று கேள்வி.

மணி ஐயர் மன்னிப்புக் கேட்கவில்லை. கே.சி.ஐ.இ.யையும் திவான் பகதூரையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்! (பலத்த கைதட்டல்) ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 1919-ல் ரவீந்திரநாத் தாகூர் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். எல்லாருக்கும் தெரியும், எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே நம்ம மதுரைக்காரர் அதைச் செய்துவிட்டார். 1920-ல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியபோது, பட்டங்களைத் திருப்பிக் கொடுப்பது அதன் திட்டத்திலேயே ஒன்றாக வந்தது.

இப்போது கணக்குப் போடுங்கள். பட்டத்தால்தான் மனிதனுக்குப் பெருமை என்றால், பட்டம் போன அன்றைக்கே மணி ஐயரின் பெருமை பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையே, கூடியதே! கழித்தால் கூடுகிற கணக்கு எங்கேயாவது உண்டா? மனிதன் பெரியவனாக இருந்தால் உண்டு.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. கும்பகோணத்துச் சீனிவாச ராமானுஜன். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்க மாட்டேன் என்று எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர். சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கி எஃப்.ஆர்.எஸ். என்ற எழுத்தைக் கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்கு எஃப்.ஆர்.எஸ்.! எழுத்து வரும் வரைக்கும் கணக்கு காத்திருக்கவில்லை. எழுத்துத்தான் கணக்கைத் தேடிக் கப்பல் ஏறிய மனிதனிடம் வந்தது. (கைதட்டல்)

நடுவர் சிரிக்கிறார். மணியில் கை வைக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அய்யா, இந்த மண்ணுக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போனால் இந்த ஊர் என்னை விடாது.

நம்ம செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் பக்கம் கோழியாளம் கிராமம். அங்கே பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூர்க் கல்லூரியில் படித்த நாட்களைப் பற்றித் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். மற்ற பிள்ளைகளோடு நெருங்கிப் பழகினால் ஊர் எது, சாதி எது என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். அதனால் மணி அடிக்கிற வரைக்கும் வெளியில் ஒதுங்கி உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். அந்தப் பிள்ளை விளையாட ஆசைப்பட்டிருக்காதா நடுவர் அவர்களே?

தமிழில் ‘பட்டம் கட்டுவது’ என்றால் இரண்டு அர்த்தம். ராஜா நெற்றியில் கட்டினால் மரியாதை. ஊர்க்காரன் கட்டினால் அவமானம். “அவனுக்கு ஊரே பட்டம் கட்டிருச்சுப்பா” என்கிறோமே, அது. பிறந்த அன்றைக்கே ஊர் கட்டிவிட்ட அந்தப் பட்டத்துக்குப் பயந்துதான் அந்தப் பிள்ளை ஒதுங்கி உட்கார்ந்தது. வளர்ந்து பெரியவரானதும் 1893-ல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். என்ன பெயர் வைத்தார் தெரியுமா? ‘பறையன்’. எந்தப் பெயரைச் சொல்லி ஒதுக்கினார்களோ, அதையே முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்து விற்றார்! வாங்குகிறவன் வாயால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒளிந்துகொண்ட பிள்ளை, ஒளிய வைத்த பெயரையே கொடியாகத் தூக்கிவிட்டது. (நீண்ட கைதட்டல்)

1923-ல் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினர் ஆனார். 1924-ல் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் குளம், இவையெல்லாம் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று. தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் காலையிலேயே எல்லாக் கிணறும் திறந்துவிடவில்லைதான். ஆனால் தாகத்தோடு வந்தவன் கையில் சட்டசபையின் காகிதம் ஒன்று வந்துவிட்டது.

இப்போது வருஷத்தை மட்டும் கவனியுங்கள். அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வந்தது 1926-ல். ராவ் பகதூர் 1930-ல். அதே வருஷம்தான் அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனார். திவான் பகதூர் 1936-ல். பட்டம் வந்ததால் அவர் கிணற்றைப் பற்றிப் பேசினாரா? கிணற்றைப் பற்றிப் பேசி இரண்டு வருஷம் கழித்துத்தான் பட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தது! (கைதட்டல்) அந்தக் காலத்தில் ராவ் சாகிப், ராவ் பகதூர் வாங்கியவர்கள் ஏராளம். ஓய்வு பெற்ற அதிகாரிகள், மிராசுதார்கள், வக்கீல்கள். இந்தக் கூட்டத்தில் யாராவது பத்துப் பேர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். முடியாது. இரட்டைமலை சீனிவாசனைத் தெரிகிறது. அவரைத் தெரிவதனால் ராவ் பகதூர் என்ற பட்டத்துக்கும் ஒரு மரியாதை கிடைக்கிறது. இதைத்தான் எங்கள் அணி சொல்கிறது: மனிதரால் பட்டத்துக்குப் பெருமை.

நாடு விடுதலை அடைந்ததும் நம் பெரியவர்கள் அரசியல் சட்டத்தில் 18-வது பிரிவை எழுதி வைத்தார்கள். படிப்புப் பட்டமும் ராணுவப் பட்டமும் தவிர வேறு பட்டம் எதையும் அரசாங்கம் தரக்கூடாது. 1954-ல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தன. இது பட்டம்தானே என்று வழக்குப் போட்டார்கள். 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விருது கொடுக்கலாம், ஆனால் அதைப் பெயருக்கு முன்னாலும் போடக்கூடாது, பின்னாலும் போடக்கூடாது. என்ன அருமையான தீர்ப்பு! வீட்டில் மாட்டிக்கொள், பெயரில் மாட்டிக்கொள்ளாதே என்றது நீதிமன்றம். (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் நாம் சும்மா இருப்போமா? வெள்ளைக்காரன் போனான், எழுத்து போகவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு வந்துவிட்டது. எங்கள் உறவில் ஒரு கல்யாணம். அச்சகத்தில் உட்கார்ந்திருக்கிறோம். பெண் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி., எம்.ஃபில்., பி.எட். மாப்பிள்ளைக்கு பி.இ. மட்டும். மாப்பிள்ளையின் சித்தப்பா முகம் சுருங்கிப் போச்சு. “எங்க பக்கம் சின்னதாத் தெரியுதே, கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சிருக்கானே, அதையும் போடுங்க” என்றார். இவர்கள் விடுவார்களா? “அப்படின்னா எங்க பொண்ணு டைப்ரைட்டிங் ஹையர்!” (பலத்த சிரிப்பு) பேச்சு முற்றி, பத்திரிகையே வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டது. அப்போது அந்தப் பெண்தான் சொன்னாள்: “மாமா, எங்க ரெண்டு பேரைப் படிக்க வைக்க ரெண்டு அம்மாவும் நகையை அடகு வச்சாங்க. அவங்க பேருக்குப் பின்னால ஒரு புள்ளிகூட இல்லையே. எங்களுக்கும் வேண்டாம். பேர் மட்டும் போடுங்க.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அச்சகத்துக்காரர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இது நல்லா இருக்கும்மா” என்றார். (கைதட்டல்)

படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்து வாங்குங்கள். நிறைய வாங்குங்கள். முதல் தலைமுறையாகப் படித்து வருகிற பிள்ளைக்கு அந்த இரண்டெழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அது உழைப்புக்கு வந்த ரசீது. ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரசீதுதான் சரக்கு என்று நினைத்துவிடக்கூடாது.

எதிரணி அடுத்து என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். “பக்கத்தில் இருக்கிற மாமல்லபுரம், அதுவே ஒரு பட்டப்பெயர்தானே? மாமல்லன் என்பது நரசிம்மவர்ம பல்லவனின் பட்டம்தானே? ஊரே பட்டத்தின் பெயரில் நிற்கிறதே!” என்பார்கள். நல்ல கேள்வி. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். ராஜசிம்ம பல்லவன் தனக்கு இருந்த பட்டங்களைச் சுற்றிலும் வெட்டி வைத்திருக்கிறான். இருநூறுக்கும் மேலே. ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்? மாமல்லன் மட்டும் ஏன் நம்ம வாயில் நிற்கிறது? கடற்கரைக் காற்றிலே நிற்கிற அந்தக் கல்லால் நிற்கிறது. அந்தக் கல்லை ராஜாவா செதுக்கினார்?

திருப்போரூரிலிருந்து இதே சாலையில் தெற்கே போங்கள். மாமல்லபுரத்துக்குள் நுழைவதற்கு முன்னால் பூஞ்சேரி வரும். அங்கே ஒரு பாறையில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன். குணமல்லன். கொல்லன் சேமகன். மாமல்லபுரத்தில் உளி பிடித்த சிற்பிகளின் பெயர்கள் அவை என்று கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ராஜா பட்டியலில் அவர்கள் இல்லை. யாரும் மேடையில் கூப்பிட்டு மாலை போட்டதாகச் செய்தி இல்லை. பெருந்தச்சன், கொல்லன்: பெயரோடு இருப்பது செய்த வேலை மட்டும்தான்.

ராஜாவின் பெயருக்கு ஊர் கிடைத்தது. அந்த ஊரைப் பார்க்க உலகமே வருவதற்குக் காரணமானவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே ஒரு பாறையில் எழுதிக்கொண்டு போனார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது பட்டம் கொடுத்தவர்களின் பட்டியலைப் பார்க்காதீர்கள், பூஞ்சேரிப் பாறையைப் பாருங்கள். மனிதரால்தான் பட்டத்துக்குப் பெருமை என்று தீர்ப்பு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)